ஆட்டுவித்தவர்கள்

காஞ்சிபுரம் என்றதும் வெளியூர் நண்பர்கள் கேட்பது இரண்டுதான்: கோயில் எத்தனை, பட்டுப் புடவை என்ன விலை? நாட்டியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கே அது மறந்துபோச்சு. பொறியாளனான எனக்கு ஆடத் தெரியாது. ஆனால், ஒரு தொழில் எப்படிக் கைமாறுகிறது என்று பார்ப்பதில் ஆர்வம் உண்டு. அதனால் நாட்டிய ஆசிரியர்களின் வரலாற்றை இந்த மலரில் எழுதுகிறேன்.

பரதநாட்டிய ஆசிரியருக்கு நட்டுவனார் என்று பெயர். அவர் கைத்தாளம் தட்டி, சொற்கட்டு சொல்லி ஆட்டுவிப்பார். அந்தக் காலத்தில் ஆடுபவருக்குப் பின்னாலேயே நின்று கூடவே நகர்வார். இசை வேளாளர் வீட்டுப் பையன்கள் குருவின் பக்கத்தில் வருஷக்கணக்காக இருந்து பாட்டு, தாளம், அடவு எல்லாம் பழகிய பிறகுதான் ஆசிரியர் ஆவார்கள். நம்ம ஊரில் கோர்வைப் புடவைக்குக் கரை நாடா தள்ளித் தரும் பிள்ளை பிறகு நெசவாளி ஆனதும் இப்படித்தானே! சான்றிதழ் எதுவும் கிடையாது.

1925-ல் ஏழு வயதுப் பாலசரஸ்வதி அரங்கேறியது நம் காஞ்சிக் கோயில் ஒன்றில். அவருடைய குரு கந்தப்ப பிள்ளை கண்டிப்புக்குப் பேர் போனவர். கந்தப்பரிடம் பயின்ற காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை பின்னாளில் பாலசரஸ்வதிக்கே நட்டுவாங்கம் செய்தார். யாமினி கிருஷ்ணமூர்த்தியும் எல்லப்ப பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான்.

இதற்குள் காலம் மாறியது. இசை வேளாளர் குடும்பத்தில் பிறக்காத ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் அடையாற்றில் ஆடினார். மறு வருஷம் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1940-களில் பரம்பரை ஆசிரியர்கள் அங்கிருந்து விலகியபோது, அங்கே படித்தவர்களே கைத்தாளத்தை எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு வெளியே இருப்பவரும் ஆசிரியர் ஆகலாம் என்று ஆயிற்று.

1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பல பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் ஆட்டம் அந்த வீடுகளை விட்டு மெல்ல வெளியேறியது. நட்டுவனார்கள் பிறர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்கள். மாணவிகளின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக வந்தது. கற்பித்தவர் பெயர் மூலையில் சிறிதாக நின்றது.

பாலசரஸ்வதி மட்டும் அந்த வீட்டு மரபை விடாமல் தாமே ஆசிரியரானார். 1953 முதல் சென்னை மியூசிக் அகாதெமியிலும், 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

கலை எல்லோருக்கும் பொதுவானது நல்லதே. யாரிடமிருந்து வந்தது என்பதை மறப்பதுதான் தவறு. மாணவ நண்பர்களே, கல்லூரி விழாவில் பரதம் பார்த்தால், மேடையின் ஓரத்தில் தாளம் தட்டுபவரையும் கொஞ்சம் பாருங்கள். அவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். நம்ம ஊர்ப் பெயரும் அதில் வரக்கூடும்.