குடலைத் தொடும் கைகளுக்கு யார் படிக்கப் பணம் கொடுத்தார்கள்?

‘ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க.’

இந்தக் குரலைக் கேட்காமல் படித்து முடித்தவர்கள் நம்மில் குறைவு. பணம் இன்னும் வரவில்லை, கட்டணத்தைக் கட்டு, இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. எழுந்து நிற்கும் அந்த நிமிடத்தில் உதவித்தொகை என்பது யாரோ நமக்குப் போட்ட பிச்சை என்று மனதில் பதிய வைக்கிறார்கள். அது பொய். அதைச் சொல்ல, நாம் அதிகம் பேசாத ஒரு துறையின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்: செவிலியர் படிப்பு, அதிலும் குறிப்பாக வயிறு, குடல், கல்லீரல் நோய்களைக் கவனிக்கும் செவிலியம்.

ஏன் குடல்? மனித மலத்தோடு சம்பந்தப்பட்ட வேலையை இந்தச் சமூகம் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனை வார்டில் பெட்பேன் எடுப்பவர், கழிவறை கழுவுபவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அதே குடலுக்குள் எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுப் பார்ப்பவர் மரியாதைக்குரிய நிபுணர். தொடுவது ஒரே உடலை. ஒன்று தீட்டு, மற்றொன்று அறிவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்காவில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று ஒரு பணி உண்டு. முதுகலை அளவிலோ அதற்கு மேலோ படித்த செவிலியர், நோயாளியைத் தானே பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதிக் கொடுப்பார். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். மருத்துவர் இல்லாத ஊர்களின் ஏழைக் குழந்தைகளைக் கவனிப்பதே அன்றைய தேவை. பின்னர் இது பல துறைகளுக்கும் பரவியது. இன்று அங்கே செரிமான நோய்ப் பிரிவுகளிலும் இவர்கள் பணிபுரிகிறார்கள்.

ஆனால் அந்த வாசல்வரை கறுப்பினப் பெண்கள் வந்து சேர்ந்த கதை 1965க்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1879இல் மேரி எலிசா மகோனி செவிலியர் பயிற்சியை முடித்தார். அமெரிக்காவில் முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் அவர். பெரும்பாலான பள்ளிகள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவை மூடியே வைத்திருந்தன. செவிலியர் சங்கமும் பல மாநிலங்களில் அவர்களைச் சேர்க்கவில்லை. எனவே 1908இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தை உருவாக்கினார்கள்.

1931இல் எஸ்டெல் மாசி என்ற கறுப்பினச் செவிலியர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். செவிலியத்தில் முதுகலை பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவரே. அவரைப் படிக்க வைத்தது ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகை. கொலம்பியா என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருவார்? அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1913இல், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அதே பல்கலைக்கழகத்தில் கால் வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு.

எஸ்டெல் தனக்குக் கிடைத்ததோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் செவிலியர் பற்றாக்குறை வந்தபோது, 1943இல் அமெரிக்க நாடாளுமன்றம் போல்டன் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வந்ததுதான் ‘கேடட் நர்ஸ் கோர்’. கல்விக் கட்டணம், புத்தகம், சீருடை, மாதச் செலவுத்தொகை எல்லாம் அரசே தரும். போர் முடியும்வரை செவிலியராகப் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. இந்தச் சட்டத்தில் இன, மத, நிறப் பாகுபாடு கூடாது என்ற விதி இருந்தது. அது தானாக வந்து உட்காரவில்லை. எஸ்டெல்லும் கறுப்பினச் செவிலியர் சங்கத்தின் செயலாளர் மேபல் ஸ்டாப்பர்சும் மற்றவர்களும் விடாமல் போராடியதன் பலன் அது. சுமார் 3,000 கறுப்பினப் பெண்கள் அந்த உதவியில் படித்தார்கள்.

படித்தபின் என்ன ஆயிற்று? இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1941இல் ராணுவம் கறுப்பினச் செவிலியருக்கு ஒதுக்கிய இடங்கள் வெறும் 56. அப்படி எடுத்தவர்களில் பலரையும் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கவனிக்க அனுப்பியது. 1945 ஜனவரியில், செவிலியர் போதவில்லை, கட்டாயமாக ஆள் எடுக்க வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் பேசினார். ஆயிரக்கணக்கான கறுப்பினச் செவிலியர் தயாராக நிற்க, ஏன் அவர்களை எடுக்கவில்லை என்று ஸ்டாப்பர்ஸ் நாடு முழுவதும் கேள்வி எழுப்பினார். தந்திகள் குவிந்தன. அதே மாதம் ராணுவமும் கடற்படையும் அந்தத் தடையை விலக்கிக்கொண்டன. உதவித்தொகை சட்டையைக் கொடுத்தது. வேலைக்குள் நுழைய இன்னொரு போராட்டம் தேவைப்பட்டது.

அண்ணலுக்கும் நடந்தது இதுதானே? பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனைப்படி 1917இல் அவர் பரோடா போனார். கொலம்பியாவில் படித்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியவரை, தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. படிக்க வைத்த அரசின் தலைநகரில், படித்தவருக்கு வீடு இல்லை.

அந்த அனுபவத்தோடுதான் அவர் 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக வைஸ்ராய் லின்லித்கோவிடம் வைத்தார். உயர்கல்விக்கான நிதி அதில் முக்கியக் கோரிக்கை. 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று நர்சிங் கல்லூரியில் படிக்கும் நம் தங்கைகள் விண்ணப்பிக்கும் அதே திட்டம்தான் அது.

நம் நாட்டில் செவிலியம் நீண்டகாலம் ‘கண்ணியமில்லாத’ வேலையாகவே பார்க்கப்பட்டது. அந்நியர் உடலைத் தொட வேண்டும், மலம், ரத்தம், சீழ் துடைக்க வேண்டும் என்பதால் ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. 1946இல் போர் குழு அறிக்கை வந்தபோது, நாட்டில் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். தீட்டு என்ற கருத்து நோயாளிகளையும் கொன்றிருக்கிறது என்பதை இந்த எண்ணே சொல்கிறது.

இன்றைய நிலை என்ன? அமெரிக்காவில் தேசிய சுகாதார சேவைப் படையின் உதவித்தொகை நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர்களுக்கும் உண்டு. மருத்துவ வசதி குறைந்த பகுதியில் சில ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். ஆனால் அது அடிப்படை மருத்துவத்துக்கானது. குடல் நோய் போன்ற சிறப்புத் துறைக்குப் போக விரும்பும் மாணவர், தொழில்முறைச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தரும் சிறு தொகைகளைத் தேடி அலைய வேண்டும். சொத்தில்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறார். அதன் விலை என்ன? அமெரிக்கக் கறுப்பின மக்கள் பெருங்குடல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். ‘பிளாக் பாந்தர்’ படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. முன்கூட்டியே பரிசோதித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் இது. நம்பிப் பேச, தம் மொழியில் விளக்க, தம் மக்களிலிருந்து வந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

இங்கே போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு மத்திய அரசு தன் பங்கைச் சுருக்கி, மாநிலங்களின் தலையில் சுமையை ஏற்றியது. எதிர்ப்புக்குப் பிறகே 2020 டிசம்பரில் 60:40 என்ற பங்கீடு ஏற்கப்பட்டது. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இன்றும் இரண்டரை லட்சத்தில் நிற்கிறது.

ஆகவே எந்த உதவித்தொகை அறிவிப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். பணம் கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன் வருகிறதா, படிப்பு முடிந்தபின் வருகிறதா? அடிப்படைப் படிப்போடு நம்மை நிறுத்துகிறதா, சிறப்புத் துறைவரை கூட்டிச் செல்கிறதா? படித்து முடித்தவருக்கு வேலையும் தங்க ஒரு வீடும் சாதி கேட்காமல் கிடைக்குமா?

நர்சிங் படிக்கும் தங்கைகளே, அடுத்த முறை வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் நில்லுங்கள், தலைகுனிந்து அல்ல. அந்தப் பணத்துக்கான மனுவை எழுதியவர் நம் வீட்டுப் பெரியவர். தாமதமான ஒவ்வொரு தவணைக்கும் தேதி குறித்து வையுங்கள். கூட்டாகக் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். ஸ்டாப்பர்ஸ் செய்ததும் அதுதான், அண்ணல் செய்ததும் அதுதான்.

ஜெய்பீம்.