வண்டியை தூக்கிட்டாங்களா? நகராட்சியிடம் லிஸ்ட் கேளுங்க!

பஸ் நிலையம் பக்கம் நகராட்சி லாரி வந்து நின்றாலே போதும். பூக்கடை, பழக்கடை, பணியாரக்கடை எல்லாம் தார்ப்பாயை சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். ஓட முடியாத வயசான பாட்டியின் கூடையும் தராசும்தான் லாரியில் ஏறும். மறுநாள் ஆபீசுக்கு போய் கேட்டால், "சார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க" என்ற பதில் ரெடியாக இருக்கும். அதற்குள் தண்டலுக்கு பணம் வாங்கிப் போட்ட சரக்கு அழுகிவிடும்.

நகராட்சிக்காரர்கள் நினைத்த நேரத்தில் வந்து நினைத்ததை அள்ளிக்கொண்டு போகலாம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்படி இல்லை. சாலையோர வியாபாரிகளுக்கு என்று தனிச்சட்டமே இருக்கிறது. பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2014-ம் ஆண்டு மே 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே 1989-ம் ஆண்டு டெல்லி வியாபாரி ஒருவர் தொடர்ந்த வழக்கில், தெருவோரம் வியாபாரம் செய்வதும் தொழில் செய்யும் அடிப்படை உரிமைதான், அதை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நகராட்சி முதலில் தனது எல்லையில் உள்ள சாலையோர வியாபாரிகளை கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்று கொடுக்க வேண்டும். இந்த கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை, ஏற்கனவே கடை போட்டிருப்பவர்களை அப்புறப்படுத்தக்கூடாது. சான்று வாங்கியவரை அவரது இடத்தில் இருந்து மாற்ற வேண்டும் என்றால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால்தான் அகற்றலாம், பொருளை எடுக்கலாம்.

அப்படி எடுக்கும்போதும் சும்மா அள்ளிப்போட முடியாது. என்னென்ன பொருள், எத்தனை என்று பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்திட்டு, ஒரு நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். வியாபாரி போய் கேட்டால், காய்கறி, பழம், பூ போன்ற அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித்தர வேண்டும். தராசு, வண்டி, பாத்திரம் போன்றவற்றை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். அதற்கான கட்டணத்தை கட்டவேண்டி இருக்கும்.

எனவே லாரி வந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த லிஸ்ட்டைத்தான். கத்தி சண்டை போட்டால், "அரசு ஊழியரை பணி செய்ய விடாமல் தடுத்தார்" என்று கேஸ் போட வழி கிடைத்துவிடும். லிஸ்ட் தர மறுத்தால் செல்போனில் படம் எடுத்து, தேதி, நேரம், லாரி நம்பர், பக்கத்து கடைக்காரர் 2 பேரின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் மனு எழுதும்போது இதுதான் கைகொடுக்கும்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த சட்டம் இருப்பதால் ஆஸ்பத்திரி வாசலையும், ஆம்புலன்ஸ் போகிற வழியையும் அடைத்து கடை போடலாம் என்று அர்த்தம் இல்லை. விற்பனை கூடாத பகுதி என்று முறைப்படி அறிவித்த இடத்தில் உரிமை கேட்க முடியாது. ஆனால் அந்த அறிவிப்பு நிஜமாகவே இருக்கிறதா, அல்லது பெரிய கடைக்காரர் ஒருவர் சொன்னதற்காக லாரி வந்ததா என்று கேட்கலாம்.

வாய்ப்பேச்சு எடுபடாது

பெரும்பாலானோர் செய்வது என்ன? கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவரும் "பேசிக்கலாம்ணே" என்று அனுப்பி வைப்பார். கவுன்சிலரை பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அவரிடம் சொன்னது எந்த பதிவேட்டிலும் ஏறாது. மனு போக வேண்டிய இடம் மாநகராட்சி, நகராட்சி என்றால் கமிஷனர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர்.

வெள்ளைத்தாளில் அரைப்பக்கம் எழுதினால் போதும். எந்த தேதியில், எந்த இடத்தில், என்ன எடுத்தார்கள், என்ன வேண்டும். அவ்வளவுதான். 2 நகல் எடுத்து, ஒன்றை தபால் பிரிவில் கொடுத்து, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்த வேண்டும். மனு கிடைத்த 3 நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தமிழக அரசு 2015-ம் ஆண்டிலேயே ஆணை போட்டிருக்கிறது. அந்த சீல் இருந்தால்தான் இந்த ஒரு மாத கணக்கு ஓடத் தொடங்கும்.

பதில் வரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே மனுவை, சீல் வைத்த நகலோடு கொடுக்கலாம். அங்கே கொடுத்தாலும் மனு சுற்றிவிட்டு அதே நகராட்சிக்குத்தான் வரும் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். உண்மைதான். ஆனால் இந்த முறை கலெக்டர் ஆபீஸ் நம்பரோடு வரும்.

10 ரூபாய் ஆயுதம்

தகவல் உரிமை சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு போதும். வறுமைக்கோட்டுக்கு கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நம்ம ஊரில் கணக்கெடுப்பு நடந்ததா, என் பெயர் இருக்கிறதா, அன்றைக்கு கடைகளை அகற்ற உத்தரவு போட்டது யார், நகர விற்பனைக் குழு எப்போது கூடியது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். இல்லாவிட்டால் மேல்முறையீடு. காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25 ஆயிரம் ரூபாய் வரை அதிகாரிக்கு அபராதம் விதிக்க தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்த நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்கு குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், தேர்தல் வைத்து தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பதும் சட்டத்தில் உள்ளதுதான். வியாபாரிகளின் புகாரை விசாரிக்க முன்னாள் சிவில் நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்டு தலைமையில் தனிக்குழு வேண்டும். அதில் நகராட்சி ஊழியர்களோ, அரசு ஊழியர்களோ உறுப்பினராக இருக்கக்கூடாது. இந்த 2 குழுவும் நம்ம ஊரில் இருக்கிறதா என்பதையும் அதே 10 ரூபாயில் கேட்டுவிடலாம்.

பணம் கேட்டால்...

"ஒரு ரெண்டாயிரம் குடு, வண்டியை விட்டுடறேன்" என்று கேட்டால் அது வேறு கதை. போக வேண்டிய இடம் லஞ்ச ஒழிப்பு போலீஸ். ரசாயனம் தடவிய நோட்டை கொடுத்து கையும் களவுமாக பிடிப்பதை எல்லாம் இப்படி முன்கூட்டியே புகார் கொடுத்தவர்களை வைத்துத்தான் செய்கிறார்கள். 2018-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். அப்போது தப்பிக்கலாம். 8-வது நாள் போய் அழுதால் சிக்கல். உள்ளாட்சியில் நடக்கும் ஊழல், முறைகேடுகளை விசாரிக்க 2014-ம் ஆண்டு சட்டப்படி முறைமன்ற நடுவர் பதவியும் தமிழகத்தில் ஏற்படுத்தப்பட்டது. ஆம்பட்ஸ்மேன் என்று சொல்வது இவரைத்தான்.

எதற்கும் அசையாவிட்டால் ஐகோர்ட்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை கிளை இருக்கிறது. "என் மனுவை பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று அங்கே கேட்க, ஏற்கனவே மனு கொடுத்ததற்கான சீல் வைத்த நகல் கையில் இருக்க வேண்டும். வக்கீலுக்கு கொடுக்க காசு இல்லாதவர்கள் மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. விவரம் கேட்க போன் நம்பர் 15100.