நினைவகப் பிழை கையாளல் (எமுலேட்டர்)

ஒரு செயலியின் கட்டளைகளை வேறொரு கணினியில் மென்பொருளாகவே நடத்திக்காட்டும் நிரல் எமுலேட்டர். உரிமையில்லாத, அல்லது நினைவகத்துக்கு இன்னும் வந்துசேராத முகவரியை நிரல் தொட்டால், செயலி அக்கட்டளையை நிறுத்தி இயங்குதளத்திடம் முறையிடும். எமுலேட்டரும் இம்மி பிசகாமல் அதையே செய்தாக வேண்டும்.

தவறு பெரும்பாலும் பாதிக் கட்டளையில் நுழைகிறது. பதிவகத்தை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு நினைவகத்தைத் தொட்டால், பிழைக்குப்பின் அதே கட்டளை மறுபடி ஓடும்போது மதிப்பு இருமுறை கூடிவிடும். முகவரியைச் சரிபார்த்த பிறகே எதையும் எழுதுவதுதான் திருத்தம். அசல் சிப்புகளும் சறுக்கியதுண்டு: பிழைக்குப்பின் கட்டளையைத் தொடரப் போதிய தகவலை மோட்டோரோலா 68000 சேமிக்கவில்லை, 1982இல் வந்த 68010தான் அக்குறையைத் தீர்த்தது.

பிழையின் வகையையும் எமுலேட்டர் சரியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பின் விதிகளைப் பின்பற்றுபவை. அவ்விதிகளில் பக்கப் பிழைக்கான (நினைவகப் பக்கத்தை அணுக முடியாதபோது எழும் பிழை) காரண எண் கட்டளையை எடுக்கையில் 12, படிக்கையில் 13, எழுதுகையில் 15. படித்து, மாற்றி, எழுதுவதை இடையில் பிரியாமல் செய்யும் அணுக் கட்டளை எங்கே தடுக்கப்பட்டாலும் 15 என்றே குறிக்க வேண்டும். எமுலேட்டர் 13 என்று போட்டுவிட்டால், படிக்க மட்டும் திறந்த பக்கத்தில் குறையேதும் காணாமல் லினக்ஸ் இயங்குதளம் திரும்பிவிடும். அதே கட்டளை மறுபடி மாட்டும், இதற்கு முடிவே இராது. சின்ன எண்தான், ஆனால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

சக்தி வடிவமைப்பின் ஓட்டப் பதிவு, ரிஸ்க்-விக்கான ஸ்பைக் எமுலேட்டரின் பதிவோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகிறது.