நிலவும் ஆறு பென்ஸும்: ஸ்ட்ரிக்லண்டும் நிஜ காகினும்

நம்ம துறைல வேலை பாக்கறவங்க யாரைக் கேட்டாலும் ஒரு ரகசியத் திட்டம் வச்சிருப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷம், வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் பேப்பரைப் போட்டுட்டு சினிமா, இயற்கை விவசாயம், நாவல்னு ஏதோ ஒண்ணு. அந்தக் கூட்டத்துக்கு வேதப் புத்தகம் மாதிரி இருக்கற நாவல் சாமர்செட் மாம் எழுதின 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்' (1919). 1938ல திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைப் பார்த்தாரே, அதே மாம் தான்.

படிக்காதவங்களுக்குக் கதைச் சுருக்கம் (முடிவையும் சொல்லிடுவேன், வேணாம்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க). சார்ல்ஸ் ஸ்ட்ரிக்லண்ட், லண்டன்ல பங்குத் தரகர். நாப்பது வயசு, மனைவி, ரெண்டு குழந்தைங்க. ஒரு நாள் சொல்லாம கொள்ளாம பாரிஸ் போயிடறார். எல்லாரும் ஏதோ பொம்பளை விவகாரம்னு நினைக்கறாங்க. இல்லை, படம் வரையப் போயிருக்கார். கிளப்ல சீட்டு ஆடறார்னு மனைவி நம்பிக்கிட்டிருந்த ராத்திரிகள்ல ஓவிய வகுப்புக்குப் போயிருக்கார், அவ்வளவுதான் முன்கதை. அப்புறம் பட்டினி, தாஹிட்டி தீவு, குஷ்டம், பார்வை போறது. குடிசைச் சுவர் முழுக்க வரைஞ்ச மகத்தான ஓவியத்தை, தான் செத்ததும் எரிச்சுடணும்னு சொல்லிட்டு செத்துப் போறார். எரிச்சுடறாங்க.

புத்தகத்தை மூடி வச்சதும் கை தானா ராஜினாமா கடிதம் தேடும். அவ்வளவு வேகம்.

ஸ்ட்ரிக்லண்டுக்கு அச்சாரம் பிரெஞ்சு ஓவியர் பால் காகின் (1848-1903). மாம் 1905 வாக்குல பாரிஸ்ல இருந்தப்போ, காகினை நேர்ல தெரிஞ்ச ஓவியர்கள்கிட்ட அவரைப் பத்திக் கேள்விப்பட்டார். 1917ல தாஹிட்டிக்கே போனார். அங்க ஒரு வீட்டுல காகின் படம் வரைஞ்ச கண்ணாடிக் கதவுகள் இருந்துச்சு. ரெண்டு கதவுல இருந்த பெயின்டை குழந்தைங்க சுரண்டி எடுத்துட்டாங்க, ஒண்ணுதான் மிச்சம். அதை 200 பிராங்குக்கு வாங்கிட்டு வந்து, தெற்கு பிரான்ஸ்ல தன் வீட்டுல வச்சிருந்தார். 1962ல தான் அது ஏலத்துக்குப் போச்சு.

சரி, நாவல்ல ஒரே ராத்திரில நடக்கற அந்த விஷயம் நிஜத்துல எப்படி நடந்துச்சு? இங்கதான் சுவாரஸ்யம்.

காகின் 1870களின் ஆரம்பத்துல பாரிஸ் பங்குச் சந்தைல வேலைக்குச் சேர்ந்தார். 1873ல மெத்தேங்கற டென்மார்க் பெண்ணைக் கல்யாணம் பண்ணார். அதே சமயத்துலயே ஞாயித்துக்கிழமை ஓவியரா வரைய ஆரம்பிச்சாச்சு. 1876ல அவரோட இயற்கைக் காட்சி ஒண்ணு பாரிஸின் அரசாங்கக் கண்காட்சியான சலோன்ல இடம் பிடிச்சது. பிஸ்ஸாரோ அவருக்கு ஆசான் மாதிரி. 1879லேர்ந்து இம்ப்ரஷனிஸ்டுகளோட கண்காட்சிகள்ல கலந்துக்கிட்டார். சம்பாதிச்ச காசுல மத்தவங்க படங்களையும் வாங்கிச் சேர்த்தார். அதாவது கைல சம்பளம் இருக்கும்போதே கிட்டத்தட்ட பத்து வருஷம் பயிற்சி!

1882 ஜனவரில பாரிஸ் பங்குச் சந்தை சரிஞ்சது. யூனியன் ஜெனரால்ங்கற வங்கி திவாலாச்சு. தரகு வேலைக்கு மவுசு போச்சு. 1883ல காகின் வேலையை விட்டு வெளிய வந்தப்போ வயசு 35. அந்த வருஷக் கடைசில அஞ்சாவது குழந்தை பிறந்தது. ஓவியத்து மேல இருந்த வெறி ஒரு பக்கம்னா, சந்தை நிலவரம் இன்னொரு பக்கம். நம்ம மொழில சொன்னா, ஆட்குறைப்பு சீசன்ல எடுத்த முடிவு அது.

அவர் குடும்பத்தை விட்டுட்டு ராவோட ராவா ஓடவும் இல்லை. செலவு கம்மின்னு முதல்ல ரூவான் ஊருக்குக் குடிபோனாங்க. அப்புறம் மெத்தேயோட அம்மா வீடு இருந்த கோபன்ஹேகன். மாமியார் வீட்டு மாப்பிள்ளையா உக்காந்துக்கிட்டு தார்ப்பாய் விக்கப் பார்த்தார், ஓடலை. மெத்தே தான் பிரெஞ்சு பாடம் சொல்லிக் குடுத்து வீட்டை நடத்தினார். 1885ல காகின் ஆறு வயசுப் பையன் க்ளோவிஸை மட்டும் கூட்டிக்கிட்டு பாரிஸ் திரும்பினார். அந்தக் குளிர்காலத்துல பையனுக்கு அம்மை போட்டது. காகின் சுவரொட்டி ஒட்டற வேலைக்குப் போனார்.

நாவல்ல ஸ்ட்ரிக்லண்ட் புகழைச் சட்டையே பண்ண மாட்டார். நிஜ காகின் அப்படி இல்லை. 1891ல தாஹிட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாரிஸ்ல தன் படங்களை ஏலம் விட்டுதான் பயணச் செலவைத் தேத்தினார். அந்தத் தீவுப் படங்கள் பாரிஸ்காரங்களுக்குப் புரியணும்னே 'நோவா நோவா'னு புத்தகம் எழுதினார். 1898ல தன்னோட ஆகப் பெரிய ஓவியத்தை, கிட்டத்தட்ட மூணே முக்கால் மீட்டர் அகலம், எரிக்காம பத்திரமா பாரிஸுக்கு அனுப்பினார். இப்போ அது பாஸ்டன் மியூசியத்துல இருக்கு. 1900ல வொல்லார்ங்கற வியாபாரியோட மாசம் 300 பிராங்க்னு ஒப்பந்தம் வேற. சாகற வரைக்கும் கடிதம் எழுதி பேரம் பேசின மனுஷன்.

இதெல்லாம் அவரைச் சின்னவரா காட்டலை. என்னைக் கேட்டா, இன்னும் மதிப்புதான் கூடுது. ஆனா நாவல் மூடி மறைக்கற வேற ஒரு பக்கம் இருக்கு. தாஹிட்டில அவர் மனைவின்னு வச்சுக்கிட்ட தெஹாமனாவுக்கு, அவரே எழுதினபடி, வயசு 13 வாக்குல. இவருக்கு நாப்பதுக்கு மேல. அதுக்கப்புறம் வந்தவங்களும் 14 வயசுப் பொண்ணுங்க. மாம் கதைல இது தீவு வாழ்க்கையோட சுகமான அமைதியா மாறிடுது. 2019ல லண்டன் நேஷனல் கேலரில காகின் வரைஞ்ச உருவப்படங்களை வச்சப்போ இந்தக் கேள்வி பெருசாவே எழுந்தது. எழ வேண்டியதுதான். "மேதைங்க அப்படித்தான்"னு தோளைக் குலுக்கிட்டுப் போறதுக்கு நமக்குப் பழக்கிவிட்டதுல இந்த மாதிரி நாவல்களுக்கும் பங்கு இருக்குன்னு நினைக்கறேன்.

மெத்தே பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 1893ல கோபன்ஹேகன்ல காகினோட படங்களைப் பெரிய அளவுல கண்காட்சியா வச்சாங்க. அதுக்குப் படங்களைச் சேர்த்துக் குடுத்ததுல இந்தக் கைவிடப்பட்ட மனைவிக்கும் பங்கு உண்டு. 1897ல மக அலீன் 19 வயசுல செத்துப் போனா. அந்தச் செய்தி கடல் தாண்டி வந்ததோட ரெண்டு பேருக்கும் நடுவுல கடிதப் போக்குவரத்தும் முறிஞ்சது. 1903 மே மாசம் மார்க்கீசாஸ் தீவுல காகின் இறந்தார். குஷ்டத்தால இல்லை. அதிகாரிகளோட வழக்குல சிறைத் தண்டனை வாங்கி, உடம்பும் நொந்து போய்.

2015ல அவரோட 1892 ஓவியம் ஒண்ணு கைமாறினதா செய்தி வந்துச்சு, விலை 210 மில்லியன் டாலர்னு பின்னாடி கோர்ட்ல தெரிய வந்தது. 1920ல காலமான மெத்தே பார்க்காத காசு.

நாவலைப் படிக்காதீங்கன்னு சொல்லலை, கண்டிப்பா படிங்க. மாம் மாதிரி கதை சொல்ல ஆள் கிடையாது. ஆனா பேப்பரைப் போடறதுக்கு முன்னாடி, அவர் வெட்டி எடுத்த அந்தப் பத்து வருஷ ஞாயித்துக்கிழமைகளையும் எண்ணிப் பாருங்க. வீட்டுல பிரெஞ்சு பாடம் நடத்தப் போறது யாருன்னும் ஒரு தடவை கேட்டுக்கோங்க :-)