வளைகுடா மரக்கலங்களின் காப்புப் பூச்சு: சுறா எண்ணெயும் சுண்ணாம்பும்

இந்தியக் கரைக்கும் வளைகுடாவுக்கும் இடையே நடந்த மர வணிகம் பலரால் ஆராயப்பட்டுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாரிகாசாவிலிருந்து (இன்றைய பரூச்) ஓமனா என்னும் துறைக்குத் தேக்கு உத்திரங்கள் சென்றதையும், அத்துறையில் தைத்த படகுகள் கிடைத்ததையும் குறிக்கிறது. ஆனால், தேக்கு விளையாத நாட்டில் அருமையாகப் பெற்ற அம்மரத்தைப் பல்லாண்டுகள் காத்த பூச்சு, மரத்தின் அளவுக்குக் கவனம் பெறவில்லை. அப்பூச்சு மரபைத் தமிழகக் கடற்கரையோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

வளைகுடா மரக்கலத்துக்கு இருவகைப் பூச்சுகள் தேவைப்பட்டன. நீர்மட்டத்துக்கு மேலுள்ள பலகைகளை வெயிலும் உப்புக் காற்றும் வெடிக்கச் செய்யும். அவற்றுக்குச் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் பூசப்பட்டது. நீருக்குள் அமிழும் அடிப்பகுதியைக் கப்பற்புழு துளைக்கும். அதற்குச் சுண்ணாம்பும் உருக்கிய விலங்குக் கொழுப்பும் குழைத்துப் பூசப்பட்டன. நீர்வற்றத்தின்போது கலத்தைத் தரைதட்ட விட்டு, பழைய பூச்சைச் சுரண்டி, புதியதைக் கையால் தேய்ப்பர். சில மாதங்களுக்கு ஒருமுறை இவ்வேலை திரும்பத் திரும்ப நடைபெற்றது.

இம்முறையை அயலார் இருவேறு வகையில் மதிப்பிட்டனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ் கலங்களைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, அவை தேங்காய் நார்க்கயிற்றால் தைக்கப்பட்டு, கீல் இன்றி மீனெண்ணெய் மட்டும் பூசப்பட்டதைக் குறையாகவே கண்டார். 1183-இல் செங்கடல் துறையான ஐதாபுக்கு வந்த இப்னு ஜுபைரோ, நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும், பாறைகள் நிறைந்த கடலில் மரம் நெகிழ்ந்து கொடுக்கவே எண்ணெய் ஊட்டப்படுகிறது என்றும் விளக்கினார். செங்கடலைப் பற்றியதாயினும், இவ்விளக்கம் ஹோர்முஸ் கலங்களுக்கும் பொருந்தும்.

இங்கு வார்னிஷோடு ஒப்பிடுதல் தகும். வார்னிஷ் உலர்ந்து மரத்தின்மேல் கடினப் படலமாக நிற்பது. அசைந்து கொடுக்கும் தைத்த பலகைகளின் மேல் அத்தகைய படலம் விரியும். விரிந்த இடத்தில் நீர் புகும். எண்ணெயோ இழைகளுக்குள் ஊறி, நார்க்கயிற்றையும் உலராது காக்கும். பழைய பூச்சை அகற்றாமலே மீண்டும் பூசலாம். ஆகவே இது வார்னிஷ் அறியாதவரின் மாற்று அன்று; கலத்தின் கட்டுமானத்துக்கு ஏற்ற தேர்வு.

தமிழகக் கரையிலும் மீனெண்ணெயும் புன்னைக்கொட்டை எண்ணெயும் தோணிகளுக்குப் பூசப்பட்டன. நெய்தல் திணைப் பாடல்களில் நிழல்தரும் மரமாக அறியப்படும் புன்னை, பரதவர் தொழிலிலும் இடம்பெற்றது. பலகை இடுக்கை அடைக்கும் தொழிலைக் குறிக்கும் ‘கலப்பற்று’ என்ற சொல் அரபுச் சொல்லோடு உறவுடையது. ஓமானின் கோர் ரோரியில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு, தமிழர் தொடர்பு அக்கரையை எட்டியதைக் காட்டுகிறது. இவை பூச்சு முறை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்றது என நிறுவப் போதா. எனினும் இரு கரைகளையும் ஒருங்கே ஆராயக் காரணமாகின்றன.

1980-81-இல் மஸ்கத்திலிருந்து சீனாவின் கான்டன் வரை சென்ற ‘சோஹார்’ என்னும் தைத்த கலம், மலபார் அயினி மரத்தால் கட்டப்பட்டு, அடியில் சுண்ணாம்பும் ஆட்டுக்கொழுப்பும் பூசப்பெற்றது. பழைய முறை நெடுங்கடலுக்குத் தக்கது என்பதை அப்பயணம் மெய்ப்பித்தது.

இன்று கரையேற்றிக் காட்சிக்கு வைக்கப்படும் பழங்கலங்களுக்குப் பளபளப்பான வார்னிஷ் பூசினால், மரம் எஞ்சும். அம்மரத்தை ஆண்டுதோறும் காத்த உழைப்பின் தடயம் மறையும். பலகையில் ஊறிய கொழுப்பும் எண்ணெயும் வேதியியல் ஆய்வுக்கு உரிய சான்றுகள். எனவே பழங்கலத்தைச் சுரண்டித் தூய்மை செய்வதற்கு முன் பூச்சின் மாதிரிகளை எடுத்து வைத்தலும், எண்ணெய் காய்ச்சிய, சுண்ணாம்பு குழைத்த முதியோரின் சொற்களை அரபிலும் தமிழிலும் தொகுத்தலும் உடனடியாகச் செய்யத்தக்கன.