நாய், பூனைகளின் பித்தப்பைக் கட்டிகள்: மீயொலி ஆய்வின் வரலாறு

நாய், பூனைகளின் பித்தப்பையிலேயே முளைக்கும் கட்டிகள் அரியவை. முதிய பூனைகளின் கல்லீரலில் பித்தக்குழாய்ப் புற்று காணப்படுவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் குழாய்களில் எழுவது, பையில் அன்று. எனவே கட்டிபோல் தோன்றி ஏமாற்றுபவற்றை ஒவ்வொன்றாக விலக்கக் கற்றதே இத்துறையின் வரலாறு.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் பித்தப்பை தனியே தெரிவதில்லை. சுண்ணாம்பு படிந்த கற்களே புலப்படும். 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு மனித வயிற்றுக் கட்டிகளை மீயொலி அலைகளால் ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதியது புதிய பாதை திறந்தது. 1966இல் லிண்டால் என்ற ஆய்வாளர் செம்மறியாடுகளின் சினையை இம்முறையால் அறிந்தார். விலங்கு மருத்துவத்தில் இது முதலில் கருப்பையை நோக்கியே வளர்ந்தது. மந்தைக்குப் பொருளாதாரப் பயன் அங்கேதான் இருந்தது. நாய், பூனைகளின் வயிற்று உறுப்புகள் 1980களில்தான் ஒழுங்காக ஆராயப்பட்டன. நைலாண்டும் மாட்டூனும் தொகுத்த விலங்கு மீயொலிப் பாடநூல் 1995இல் வெளிவந்தது. அடுத்து, 2000இல் 14 நாய்களைக் கொண்டு மியூகோசீல் எனும் நோயின் மீயொலி ஸ்கேன் தோற்றம் விவரிக்கப்பட்டது. பித்தப்பை கெட்டியான சளியால் நிரம்பி, வெட்டிய கிவிப் பழம்போல் கதிர்க்கோடுகளுடன் தெரியும் இந்நோயைத் திரள் என்று தவறாகக் கொள்வது எளிது. இதை அடையாளம் கண்டதே, கட்டியைப் பிரித்தறிவதில் பெரிய முன்னேற்றம் என்பேன்.

இந்த வரலாற்றை உள்ளூரில் பார்த்தால், நீலகிரியில் நாயைப் பற்றிய மருத்துவ அக்கறை நெடுங்காலம் வெறிநாய்க்கடியைச் சுற்றியே இருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்ததும் மனிதரைக் காக்கவே. நாயின் சொந்த நோய்க்குக் கவனம் பின்னரே வந்தது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதற்குரிய மருத்துவர்களை உருவாக்கின. ஆயினும் எமரால்டு போன்ற அணைக்கரைத் தேயிலை ஊரிலிருந்து உதகைக்கோ கோவைக்கோ நாயைத் தூக்கிச் செல்வது எளிதன்று. எடுத்துச் செல்லத்தக்க ஸ்கேன் கருவியின் மதிப்பு இங்கேதான் விளங்கும்.

ஸ்கேனுக்கு முன் நாய் உணவின்றி இருந்தால் பை நிறைந்து நன்கு தெரியும்; உண்டதும் சுருங்கிய பையின் சுவர் தடித்ததுபோல் மயக்கும். இயல்பான சுவரின் தடிப்பு நாயில் அதிகபட்சம் 2 முதல் 3 மில்லிமீட்டர், பூனையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதைத் தாண்டினாலே புற்று என்று கொள்ளக்கூடாது. அழற்சியும், இரத்தத்தில் புரதக் குறைவால் வரும் நீர்க்கோவையும்கூடச் சுவரைத் தடிக்கச் செய்யும். பித்தக் கசடு விலங்கைப் புரட்டினால் இடம் மாறும். கல்லின் பின்னே ஒலி நிழல் விழும். சுவரோடு ஒட்டி, அசையாமல், டாப்ளர் முறையில் இரத்த ஓட்டம் காட்டும் திரளே கட்டிக்கு வலுவான சான்று. ஓட்டம் தெரியாததாலேயே கட்டி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

தீங்கற்றதா புற்றா என்று கூறவியலாத சோதனைக்கு இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்பர். அந்தக் குறை உண்மையே. ஆனால் அதே ஸ்கேனே வெடிக்கக் காத்திருக்கும் மியூகோசீலையும், அடைபட்ட குழாயையும் காட்டி, அறுவைக்கான வேளையைத் தீர்மானிக்கிறது. அரிய கட்டிக்காகவன்றி, இவற்றுக்காகவே அது அவசியம். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்போருக்கு விடை: பித்தம் வயிற்றறைக்குள் கசியும் ஆபத்து உண்டு, ஆகவே அதை வழக்கமாக்குவது தகாது. இறுதித் தீர்ப்பு திசு ஆய்வுக்கே உரியது. பித்தப்பையை அகற்றும் மருத்துவர் அதை எறிந்துவிடாமல் 10 சதவீத ஃபார்மலினில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வளர்ப்போரும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.