சந்தனம் விளையாத நாட்டில் சந்தனப் படிமம்: ஜப்பானிய மரப் புத்தர் சிலைகளில் மரத்தேர்வும் தச்சுமுறையும் (கி.பி. 7 – 13ஆம் நூற்றாண்டு)

ஆய்வுச் சுருக்கம்

பௌத்த நூல்கள் சில படிமங்களுக்கு வெண்சந்தன மரத்தை விதித்தன. ஜப்பானில் சந்தனம் விளைவதில்லை. இந்த இடைவெளியை ஜப்பானியச் சிற்பிகள் எவ்வாறு கடந்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாற்று மரத்தைத் தேர்தல், ஒற்றைக் கட்டையைக் குடைதல், பல கட்டைகளை இணைத்தல் என்று தொழில்முறை மாறியபோது, படிமத்தின் புனிதம் மரத்திலிருந்து அளவுக்கும் உட்குழிவுக்கும் இடம்பெயர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மரச்சிற்பம், வெண்சந்தனம், கயா மரம், ஹினோக்கி, ஜோச்சோ, உன்கெய், செய்ர்யோஜி

முன்னுரை

பெருங்கதையின் தலைவனாகத் தமிழர் அறிந்த உதயணனைப் பௌத்த மரபு வேறொரு செயலுக்காக நினைவுகூர்கிறது. புத்தர் தம் தாய்க்கு அறம் உரைக்கத் தேவருலகம் சென்றிருந்தபோது, அவரைக் காணாமல் வருந்திய உதயணன் உயர்ந்த சந்தன மரத்தில் அவர் உருவைச் செதுக்குவித்தான் என்பது அக்கதை. முதல் புத்தர் படிமம் அதுவே என்று மரபு கூறும். கல்லிலும் உலோகத்திலும் மிகுதியாகச் சிற்பம் கண்ட இந்தியாவின் கலை வரலாற்றோடு இக்கதை பொருந்தாது. எனினும் கிழக்காசியப் பௌத்தர் இதை வரலாறாகவே ஏற்றனர். 645இல் சீனத்துக்குத் திரும்பிய யுவான் சுவாங் தம்முடன் கொணர்ந்த படிமங்களுள் உதயணன் படிமத்தின் சந்தனப் படியும் ஒன்று.

ஜப்பானிய மரச்சிற்பம் பற்றிய எழுத்து பெரிதும் பாணிகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. முகத்தின் அமைதி, ஆடை மடிப்பின் ஓட்டம், காலத்தின் சுவை ஆகியவையே அதில் முதன்மை பெறுகின்றன. மரம் அங்கே வெறும் மூலப்பொருளாக நின்றுவிடுகிறது. அம்மரத்தை முன்னிறுத்திப் பார்த்தால் அதே வரலாறு வேறு வரிசையில் தெரிகிறது.

விதிக்கப்பட்ட மரம்

பதினொரு முக அவலோகிதர் பற்றிய மந்திர நூலை யுவான் சுவாங் 656இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். பிளவோ துளையோ இல்லாத திண்ணிய வெண்சந்தனத்தில், ஒன்றரைச் சாண் உயரத்தில் படிமம் செய்ய வேண்டும் என்பது அந்நூலின் விதி. மரம், அதன் தன்மை, அளவு மூன்றும் ஒரே விதியில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. ஹொர்யூஜி மடத்தில் உள்ள ஒன்பது முக அவலோகிதர் சுமார் 38 சென்டிமீட்டர் உயரமுடையது. இது 719இல் தாங் நாட்டிலிருந்து வந்தது என அம்மடத்தின் 747ஆம் ஆண்டு உடைமைப் பதிவேடு குறிக்கிறது. காதணியும் மாலையும் உட்பட யாவும் ஒரே சந்தனக் கட்டையில் குடைந்தெடுக்கப்பட்டவை. உதடு, கண் போன்ற சில இடங்கள் தவிர வண்ணம் இல்லை. மரத்தின் நிறமும் மணமும் மறைக்கப்படவில்லை.

இச்சந்தனத்தின் தாயகம் தென்னிந்தியா. மலகூட நாட்டின் மலய மலையில் வெண்சந்தனம் வளர்வதையும், கோடையில் அதன் குளிர்ச்சியை நாடிப் பாம்புகள் சுற்றிக் கிடக்கும் மரத்தைத் தொலைவிலிருந்து அம்பெய்து அடையாளப்படுத்திப் பின்னர் வெட்டுவதையும் யுவான் சுவாங் குறித்துள்ளார். அவர் அங்கு நேரில் செல்லவில்லை; காஞ்சியில் கேட்டறிந்ததையே எழுதினார் என்பது பலரின் கருத்து. மலய மலைக்குக் கிழக்கே அவலோகிதர் உறையும் பொதலகம் இருப்பதாகவும் அவர் கூறுகிறார். இதனைப் பொதியிலோடு இணைத்து ஷூ ஹிகோசகா முன்வைத்த கருத்து தமிழ்ப் பௌத்த ஆய்வில் அறிமுகமானது. அக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும், பொதலகத்துத் தெய்வத்துக்கு அதன் அண்டை மலையின் மரமே விதிக்கப்பட்டுள்ளது என்பது எஞ்சும்.

மாற்று மரம்

சந்தன மரம் பருமன் குறைந்தது. கடல் கடந்து வந்தால் விலையும் மிகுந்தது. சீனத்திலேயே இச்சிக்கல் எழுந்தது. மேற்கண்ட நூலுக்கு உரை எழுதிய தாங் காலத்துத் துறவி ஹுயிசாவ் (650 – 714), வெண்சந்தனம் கிடையாத நாட்டில் ‘பாய்’ எனும் மரத்தால் படிமம் செய்யலாம் என்று இசைவு தந்தார். சீனத்தில் இச்சொல் ஊசியிலை மர வகை ஒன்றைக் குறிக்கும். ஜப்பானில் அச்சொல்லுக்கு எம்மரம் பொருளாகக் கொள்ளப்பட்டது என்பதே வினா.

ஜப்பானின் ஏழாம் நூற்றாண்டு மரச்சிலைகள் பெரும்பாலும் கற்பூர மரத்தால் ஆனவை. ஹொர்யூஜியின் குதாரா கன்னோன், குசே கன்னோன், சூகூஜியின் மைத்ரேயர் ஆகியன இவ்வகையின. கடலில் ஒளிவிட்டு மிதந்து வந்த கற்பூர மரத்தில் 553இல் இரு படிமங்கள் செய்யப்பட்டதாக நிஹோன் ஷோகி கூறுகிறது. மணமுள்ள மரம் என்பதே இத்தேர்வுக்குக் காரணமாகலாம். விதிவிலக்காக நிற்பது கியோட்டோ கொர்யூஜியின் மைத்ரேயர். அது செம்பைன் மரம் எனக் கோஹரா ஜிரோ நுண்ணோக்கி வழி நிறுவியபின், அச்சிலை கொரியாவில் செய்யப்பட்டது என்ற வாதம் வலுப்பெற்றது. முதுகுப்புற உட்குழிவை மூடிய பலகை கற்பூர வகை மரம் எனக் கூறப்பட்டபின் அவ்வாதம் முன்போல் எளிதாக இல்லை. ஒரு மரச்சில்லை வைத்து ஒரு சிலையின் தாய்நாட்டை முடிவு செய்வதிலுள்ள இடரை இது காட்டும்.

எட்டாம் நூற்றாண்டில் வெண்கலமும் களிமண்ணும் உலர் மெருகும் மேலோங்கின. சீனத் துறவி கஞ்சின் 753இல் ஜப்பானை அடைந்து 759இல் தோஷோதாய்ஜியை நிறுவிய காலத்தை ஒட்டியே ஒற்றைக் கட்டைச் சிலைகள் மீண்டும் பெருகின. இவை ஹினோக்கி எனும் சைப்ரஸ் வகை மரத்தாலானவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் கலை வரலாற்றாளரும் மரவியலாளரும் இணைந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. சிலைகளிலிருந்து உதிர்ந்த நுண்சில்லுகளை நோக்கியபோது, தோஷோதாய்ஜித் தொகுதி உள்ளிட்ட பல சிலைகள் கயா மரம் எனத் தெரிந்தது. (இப்பெயருக்கும் புத்தகயைக்கும் தொடர்பில்லை.) கோ ஆட்டப் பலகைக்கு இன்றும் விரும்பப்படும் இம்மரம் மஞ்சள் சாயலும் இழை நெருக்கமும் தனி மணமும் உடையது. ஹுயிசாவின் ‘பாய்’ ஜப்பானில் கயாவாகப் புரிந்துகொள்ளப்பட்டது என அவ்வாய்வாளர் கருதினர். இவ்விளக்கம் ஏற்கத்தக்கது. ஹினோக்கி எங்கும் கிடைத்த நாட்டில், அதைவிட அரிய மரத்தைச் சிற்பிகள் தேடிச் சென்றமைக்குத் தொழில் வசதி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வெடிப்பும் குடைவும்

ஜிங்கோஜியின் மருத்துவ புத்தர் சிலை கயா மரத்தின் ஒற்றைக் கட்டையில் ஆனது. உயரம் சுமார் 170 சென்டிமீட்டர். ஆழ்ந்து வெட்டிய ஆடை மடிப்புகளில் உளியின் போக்கு இன்றும் தெரிகிறது. ஒன்றரைச் சாண் படிமத்துக்கான விதி ஆள் உயரத்துக்கு வளர்ந்தபோது புதிய இடர் பிறந்தது. காயும் மரம் ஆண்டுவளையத்தின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே முழுக்கட்டை மேற்பரப்பிலிருந்து நடு நோக்கி வெடிக்கும். புத்தர் முகத்தின் குறுக்கே வெடிப்பு விழுவதை எந்தச் சிற்பியும் ஏற்கமாட்டான். பிளவற்ற மரம் வேண்டும் என்ற விதியும் அப்போது பொய்த்துவிடும்.

சிலையின் முதுகிலோ அடியிலோ திறந்து நடுமரத்தைக் குடைந்தெடுப்பது முதல் தீர்வு. கட்டையை இழைவழியே இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மீண்டும் பொருத்துவது அடுத்த தீர்வு. ஒரே மரம் என்ற நெறி காக்கப்பட்டது. ஆனால் படிமத்துக்குள் ஒரு வெற்றிடம் பிறந்தது.

இணைத்த கட்டைகள்

தனித்தனிக் கட்டைகளை முன்பே திட்டமிட்டுச் செதுக்கி இணைக்கும் முறையை முழுமையாக்கியவர் ஜோச்சோ (மறைவு 1057). அவரே அதனைக் கண்டுபிடித்தார் எனல் மிகைக்கூற்று. இரு கட்டைகளை இணைத்த சிலைகள் அவருக்கு முன்பே உண்டு. உஜி நகரின் பியோதோயின் மடத்தில் 1053இல் நிறுவப்பட்ட அமிதாபர் அவருடையது. சுமார் 2.8 மீட்டர் உயரமுள்ள இப்படிமம் ஹினோக்கியாலானது. உடலின் நடுப்பகுதியை நேர்நிற்கும் கட்டைகளைச் சேர்த்து அமைத்து, மடித்த கால்களுக்குக் குறுக்கே கிடக்கும் கட்டையைப் பொருத்தியுள்ளார். உருஷி மெருகும் தங்க ரேக்கும் மேலே படிந்தபின் மூட்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மணமும் நிறமும் போயின. எம்மரம் என்பது பார்ப்போருக்குப் பொருளற்றதாயிற்று. சந்தன நெறியிலிருந்து சிற்பம் மிகத் தொலைவு விலகிய இடம் இதுவே.

பெருமரங்கள் அருகியமையே இம்முறைக்குக் காரணம் என்று பலரும் எழுதுவர். அது போதாத விளக்கம். 1180இல் எரிந்த தோதாய்ஜியை மீட்டெடுத்த சோகென், 1186க்குப் பின் தொலைவிலுள்ள சுவோ நாட்டிலிருந்து பெருமரங்களைக் கொணர்ந்தார். அருகில் மரம் இல்லை என்பதையும், நாட்டில் மரம் இல்லாமற்போகவில்லை என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது. தேவையின் வேகத்தை நோக்குவதே பொருத்தம். 1026இல் அரசியின் மகப்பேற்றுக்காக ஆள் உயரப் படிமங்கள் 27 செய்யும் பணி ஜோச்சோவிடம் வந்தது. 125 சிற்பிகளைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் அதனை முடித்தார். ஒற்றைக் கட்டையைச் சுற்றி ஒரே வேளையில் சிலரே உளி பிடிக்க முடியும். பிரித்த கட்டைகளிலோ தலையை ஒருவரும் தோளை ஒருவரும் காலை மற்றொருவரும் செதுக்கலாம். பின்னர் அவை பிசகாமல் சேர வேண்டுமானால் அளவு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆகவே அளவே அதிகாரமாயிற்று. 1134இல் சிற்பி ஒருவர் ஜோச்சோவின் படிமம் ஒன்றை உறுப்புறுப்பாக அளந்த செய்தி அக்காலப் பிரபு ஒருவரின் நாட்குறிப்பில் உள்ளது. மரத்தின் வகைக்கு ஒரு காலத்தில் காட்டிய கவனம் இப்போது அளவுகோலுக்குச் சென்றுவிட்டது.

தோதாய்ஜித் தெற்கு வாயிலின் காவல் தெய்வங்கள் இரண்டும் 1203இல் 69 நாள்களில் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு மேல் உயரம். சுமார் 3000 மரத்துண்டுகளால் ஆனது. உன்கெய், கைகெய், தன்கெய், ஜோகாகு ஆகியோரின் கீழ் இப்பணி நடந்தது. 1988 முதல் 1993 வரை நடந்த பழுதுபார்ப்பில் சிலைகள் கழற்றப்பட்டபோது, பொருத்திய பின்னும் முலைக்காம்பு, தொப்புள் போன்றவற்றின் இடங்கள் திருத்தப்பட்டமை தெரிந்தது. கீழிருந்து நிமிர்ந்து நோக்குவோரின் பார்வைக்காகச் செய்த திருத்தங்கள் இவை. கூட்டுழைப்பில் தனிச்சிற்பியின் கண் மழுங்கிவிடும் என்ற கருத்துக்கு இது நேர் மறுப்பு.

உட்குழிவு

வெடிப்பைத் தடுக்கப் பிறந்த வெற்றிடம் வெற்றிடமாகவே நீடிக்கவில்லை. பியோதோயின் அமிதாபரின் உள்ளே, தாமரைப் பீடத்தின்மேல் அமிதாப மந்திரம் எழுதிய நிலாவட்டம் வைக்கப்பட்டுள்ளது. காவல் தெய்வங்களுக்குள் மறைநூல்களும் பெயர்ப் பட்டியல்களும் இருந்தன. படிகக் கண் பொருத்தும் முறையும் இக்குடைவின் பயனே. முகத்தை உள்ளிருந்து திறந்து, மெல்லிய படிகத்தை வைத்து, அதன் பின்புறம் விழி வரைந்து, வெண்தாளோ பஞ்சோ இட்டு இறுக்குவர். காலம் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது 1151ஆம் ஆண்டின் சோகாகுஜி அமிதாபர். உன்கெயின் முதல் படைப்பாக அறியப்படும் எஞ்ஜோஜி வைரோசனருக்கும் படிகக் கண்களே. 1176இல் முடிந்த அச்சிலையின் பீடத்தில் அவர் தம் பெயரையும், தாம் பெற்ற 43 சுருள் பட்டையும் தம் கையாலேயே எழுதியுள்ளார்.

உதயணன் படிமம் ஜப்பானை அடைந்த கதை இவ்வுட்குழிவோடு இணைந்தது. சோனென் எனும் துறவி 985இல் சீனத்தின் தாய்சோவில், சாங் எனும் குடிப்பெயர் கொண்ட இரு சகோதரரைக் கொண்டு அப்படிமத்தின் படியொன்றைச் செதுக்குவித்தார். இன்று அது கியோட்டோவின் செய்ர்யோஜியில் உள்ளது. தாய்நாட்டில் விடப்பட்டதே படி, சோனென் கொணர்ந்தது மூலம் என்று பிற்கால மரபு மாற்றிக் கூறிற்று. 1954இல் முதுகுப் பலகை திறக்கப்பட்டபோது, தாய்சோவின் பிக்குணிகள் பட்டில் தைத்த உள்ளுறுப்புகளும், சோனெனின் பிறப்புக் குறிப்பும், பல ஆவணங்களும் உள்ளே இருந்தன. சந்தனப் படிமம் என்று நூற்றாண்டுகளாக வணங்கப்பட்ட அதன் மரமோ சீனச் செர்ரி வகை. சந்தனம் அல்லாமையால் அதன் பெருமை குறையவில்லை. அதனைப் படியெடுத்த சிலைகள் ஜப்பானில் நூறளவில் உள்ளன. சாய்தாய்ஜியின் துறவி எய்சோன் 1249இல் சென்கெய் எனும் சிற்பியையும் அவர் குழுவினரையும் செய்ர்யோஜிக்கு அழைத்துச் சென்று ஒரு படியைச் செய்வித்தார். கயிறு சுற்றியது போன்ற முடியும், கழுத்தை மூடிய ஆடையும், வட்டவட்டமாக இறங்கும் மடிப்புகளும் அப்படியே வந்துள்ளன; அதன் உட்குழிவிலும் ஆவணங்கள் இட்டு நிரப்பப்பட்டன.